நுன்ஷிகும் மேட்டில் ஒரு லீ டாங்கி: வளர்த்த காட்டை நானே ஒடித்தேன்

இரண்டாம் உலகப் போரில் ஓடிய அமெரிக்கத் தயாரிப்பான எம்3 லீ டாங்கியின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை 1/35 அளவில், அதாவது உண்மையானதில் முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் செய்து, காட்டுக்குள் மலையேறும் நிலையில் நிறுத்த வேண்டும் என்று ஐந்து மாதங்களுக்கு முன் தொடங்கினேன். டாங்கி ஆறு வாரத்தில் முடிந்தது. மீதி நாட்களையெல்லாம் காடு எடுத்துக்கொண்டது, அதுவும் இரண்டு முறை.

களம் எனக்கு முதலிலிருந்தே தெரியும். 1944 ஏப்ரல் 13, இம்பாலுக்கு வடகிழக்கே உள்ள நுன்ஷிகும். சமவெளியிலிருந்து ஆயிரம் அடிக்கு மேல் செங்குத்தாக எழும் முகடு அது. இரண்டு நாட்களுக்கு முன் ஜப்பானியர் அதைப் பிடித்திருந்தார்கள். அந்தச் சரிவில் டாங்கி ஏறும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் காரபினியர்ஸ் என்ற பிரிட்டிஷ் டாங்கிப் படைப்பிரிவின் லீ டாங்கிகள், இந்தியப் படையின் டோக்ரா காலாட்படையோடு ஏறிவிட்டன. என்னை இந்த வேலைக்கு இழுத்தது அந்த ஏற்றம்தான்.

லீ விசித்திரமான உருவம் கொண்ட வண்டி. 75 மில்லிமீட்டர் பீரங்கி உடலின் வலப்பக்கத்தில் புடைத்துக்கொண்டு நிற்கும். அதன் மேல் 37 மில்லிமீட்டர் பீரங்கியோடு சுழல் கோபுரம், அதற்கும் மேல் வண்டியை நடத்தும் தளபதிக்கு ஒரு சிறு கோபுரம். மொத்த உயரம் மூன்று மீட்டரைத் தாண்டும், நம் அளவில் 89 மில்லிமீட்டர். மேசையில் தனியாக வைத்துப் பார்த்தால் இரண்டு மாடி வீடு போல இருக்கிறது. இவ்வளவு உயரமான வண்டியைக் காட்டுக்குள் வைக்கும்போது காடு அதைவிட உயரமாக நிற்க வேண்டும். இல்லையென்றால் தோட்டத்தில் நிறுத்திய வண்டி போலத் தெரியும்.

டாங்கி கட்டுவதில் நேரம் பிடித்தவை ரிவெட்டுகள். லீயின் உடல் முழுக்க ரிவெட் அடித்த தகடுகள். முன்பக்க இணைப்பு ஒன்றில் பிளவு தெரிந்ததால் நிரப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பிளவு மறைந்தது, கூடவே பதினோரு ரிவெட்டுகளும் போய்விட்டன. அவற்றை மீட்க ஒரே வழிதான் உண்டு. வண்டியின் அடிப்பாகத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கும் ரிவெட்டுகளைப் புதுக் கத்தி முனையால் சீவி எடுக்க வேண்டும். கத்தியைத் தகட்டோடு படுக்க வைத்து மெதுவாகத் தள்ளினால் ரிவெட் முனையிலேயே ஒட்டிக்கொண்டு வரும். புதிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, அதில் திரவப் பசையை மெல்லிய தூரிகையால் ஒரு துளி தொட்டு, ரிவெட்டை இறக்கிவிட வேண்டும். மூச்சு வேகமாக விட்டால் பறந்துவிடும். பதினொன்றையும் வைக்க ஒரு மாலை முழுதும் ஆனது. பிரைமர் அடித்த பிறகு எது பழையது, எது மாற்றி வைத்தது என்று எனக்கே தெரியவில்லை. இந்த ஐந்து மாதத்தில் மிகவும் மகிழ்ந்த நேரங்களில் அதுவும் ஒன்று.

ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்குப் பயன்படும். சக்கரத் தொகுதிகளைச் சமதளத்தில் வைத்து நேராக ஒட்டிவிட்டேன். பிறகு வண்டியைச் சரிவில் வைத்தபோது இரண்டு சக்கரங்கள் அந்தரத்தில் நின்றன. முப்பது டன்னுக்கு நெருக்கமான எடையுள்ள வண்டி அப்படி நிற்கவே நிற்காது. தொகுதிகளை அறுத்தெடுத்து மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று. மேடு பள்ளத்தில் நிற்கப் போகிற வண்டி என்றால் முதலில் தரையைச் செய்யுங்கள். பிளாஸ்டர் ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, வண்டியை வைத்து அழுத்துங்கள். சங்கிலிப் பட்டையின் தடமும் பதியும், சக்கரங்கள் எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

தரை அடர் நுரைப்பலகையால் ஆனது. அடுக்கி ஒட்டி, முப்பது பாகைக்குச் சற்றுக் குறைவான சரிவாகச் செதுக்கினேன். மேலே பிளாஸ்டர், அதன் மேல் சலித்த மண்ணும் வெள்ளைப் பசையும். மண்ணை அடுப்பில் நன்றாகச் சூடாக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். முதல் முறை அதைச் செய்யாமல் விட்டேன். மூன்றாவது வாரம் மரத்தடியில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது, அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்தேன்.

இனி காடு.

காட்டைச் செய்யும்போது தூரிகையைவிட அளவுகோலைத்தான் அதிகம் எடுத்தேன். 1/35 அளவில் ஒரு மீட்டர் என்பது 28.6 மில்லிமீட்டர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் பல பழக்கங்கள் தவறு என்று புரியும். எட்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள மூங்கில் இங்கே 2.3 மில்லிமீட்டர்தான். பன்னிரண்டு மீட்டர் உயரமுள்ள மூங்கில் 34 சென்டிமீட்டர் நிற்க வேண்டும், அதாவது டாங்கியைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இரண்டு மீட்டர் நீளமுள்ள வாழை இலை 57 மில்லிமீட்டர், அருகில் நிற்கும் சிப்பாயைவிட நீளம். நாம் பொதுவாகக் காட்டைக் குட்டையாகவும் இலைகளைத் தடித்தும் செய்துவிடுகிறோம். அங்கேதான் பொம்மைத்தனம் வந்து சேர்கிறது.

மூங்கிலைப் பித்தளைக் கம்பியில் செய்தேன். ஒன்பது மில்லிமீட்டருக்கு ஒரு கணு, ஒவ்வொரு கணுவிலும் தடித்த பசையால் ஒரு வளையம். இலைகள் மெல்லிய தாளில் வெட்டியவை, ஆயிரத்துக்கு மேல் இருக்கும். மலைவாழைக்கும் தாள்தான். நடு நரம்புக்கு மெல்லிய கம்பியை ஒட்டி, பக்க நரம்புகளை முனை மழுங்கிய ஊசியால் பின்புறமிருந்து அழுத்திக் கோடிட்டு, காற்றில் கிழிந்தது போல அந்தக் கோடுகளின் வழியே வெட்டினேன். வண்ணத்துக்கு ஒரே பச்சை போதாது. எல்லாச் செடிகளுக்கும் முதலில் கருமை கலந்த பழுப்பை ஏர்பிரஷ்ஷில் அடித்து, அதன் மேல் நான்கு பச்சைகளைக் கீழிருந்து மேலாக வெளிறிக்கொண்டே போகும்படி ஏற்றினேன். இரண்டு மாதம் பிடித்தது. பார்க்க அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் டாங்கியை விட்டுவிட்டு வாழையைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில்தான் நுன்ஷிகும் பற்றி மறுபடி படித்தேன். முன்பு படித்தபோது கண் டாங்கிகளின் பின்னாலேயே போயிருந்தது. இந்த முறை, அவை ஏறுவதற்கு முன் என்ன நடந்தது என்பதில் நின்றது. வெஞ்சன்ஸ் குண்டுவீச்சு விமானங்களும் ஹரிக்கேன் போர் விமானங்களும் அந்த முகட்டைத் தாக்கின, பீரங்கிப் படையும் சுட்டது. அதன் பிறகுதான் டாங்கிகள் முகட்டை நெருங்கின.

அப்படியானால் என் காடு அந்தக் காலையில் இருந்த காடே இல்லை. குண்டு விழுந்த மேட்டில் இலைகூடக் கலையாத மூங்கில் புதர் எப்படி நிற்கும்? இரண்டு நாள் யோசித்தேன். அடிவாரம் என்று பெயரை மாற்றி அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது. மனம் ஒப்பவில்லை. அந்த மேட்டின் பெயரைத் தகட்டில் எழுதி ஒட்டப் போகிறவன் நான். அங்கே உயிரைவிட்டவர்கள் பார்த்தது இந்தக் காட்டை அல்ல.

ஒடிக்கத் தொடங்கினேன். உடனே ஒரு சிக்கல் வந்தது. பித்தளைக் கம்பி வளையும், பிளக்காது. ஒடிந்த மூங்கில் நார் நாராகக் கிழிந்து, ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு மடிந்து தொங்கும். பலவற்றை முயன்று பார்த்த பிறகு, மூங்கில் குச்சியையே எடுத்தேன். பற்குச்சி, சமையல் குச்சி எல்லாம் மூங்கில்தானே. தேவையான பருமனுக்கு உப்புத்தாளில் இழைத்து, தண்ணீரில் ஊறவைத்து, இடுக்கியால் இரண்டு முனையையும் பிடித்து முறுக்கி வளைத்தால், பெரிய மூங்கில் பிளப்பது போலவே சிறு மூங்கிலும் பிளக்கிறது. பிளந்த வாயில் வெளிறிய மஞ்சள் தெரிகிறது. அந்த மஞ்சளுக்கு நான் வண்ணம் எதுவும் தரவில்லை. மரங்களுக்கும் அதே வழி: உண்மையான சுள்ளியை ஒடித்து, நாரைப் பிரித்துவிட்டு, ஒடிந்த இடத்தை மட்டும் வெளிறலாக விட்டேன். பழைய ஒடிவு சாம்பல் நிறமாகிவிடும், புது ஒடிவு வெளிறி நிற்கும். இது நடந்து சில மணி நேரம்தான் ஆகிறது என்று பார்ப்பவருக்குச் சொல்வது அந்த வெளிறல்.

வாழையில் இரண்டை நடுவில் மடித்தேன். ஒன்றை வேரோடு சாய்த்தேன். உதிர்ந்த இலைகளைத் தரையில் பரப்பியபோது ஒன்றைக் கவனித்தேன். வெடியில் உதிர்ந்தவை பச்சையாகவே கிடக்கும், காய்ந்த சருகுக்கு மேல். எனவே பழுப்புச் சருகை முதலில் ஒட்டி, பச்சை இலைகளை அதன் மேல் தூவினேன். வெடித்துக் கிளம்பிய மண் எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும் என்பதால், செம்பழுப்பு வண்ணப்பொடியை மென்தூரிகையால் இலைகளின் மேற்புறத்தில் மட்டும் தட்டினேன். இலைகளின் அடிப்பக்கம் பச்சையாகவே இருக்கிறது. அருகில் குனிந்து பார்த்தால் அது தெரியும்.

டாங்கியிலும் மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. ஏப்ரலில் பருவமழை இன்னும் இறங்கவில்லை. நான் தாராளமாகப் பூசியிருந்த ஈரச் சகதியைக் கரைத்துத் துடைத்துவிட்டுப் புழுதியாக்கினேன். முன் முகப்பில் ஒரு மூங்கில் கிளை சிக்கி மடிந்திருக்கிறது, வண்டி அதைத் தள்ளிக்கொண்டே ஏறுகிறது.

இப்போது மிச்சம் இருப்பது தளபதியின் உருவம். முகட்டின் மேல் பாதை அவ்வளவு குறுகலாகவும் செங்குத்தாகவும் இருந்ததால், மூடியை அடைத்துக்கொண்டு வண்டியை நடத்த முடியவில்லை. ஓட்டுநருக்கு வழி சொல்லத் தளபதிகள் தலையை வெளியே நீட்ட வேண்டியிருந்தது. நீட்டியவர்கள் சுடப்பட்டார்கள். அங்கே ஏறிய டாங்கி அதிகாரிகள் அனைவரும் இறந்தோ காயமுற்றோ போன பிறகு, அதிகாரிகளுக்குக் கீழ்நிலையில் இருந்த ஸ்குவாட்ரன் சார்ஜண்ட் மேஜர் கிராடக் டாங்கிகளை நடத்தினார். டோக்ராக்களின் பக்கம் சுபேதார் ரண்பீர் சிங். அன்றே முகடு மீட்கப்பட்டது.

மாதிரிப் பெட்டியில் பாகங்களோடு வந்த தளபதி உருவம் இடுப்புவரை வெளியே நின்று தொலைநோக்கியோடு நிமிர்ந்து பார்க்கிறது. அணிவகுப்புக்குப் பொருந்தும் நிலை அது. இடுப்பை அறுத்து உயரத்தைக் குறைத்தேன். தொலைநோக்கியைச் சீவி எடுத்துவிட்டு வலக்கையை மூடியின் விளிம்பைப் பற்றும்படி திருப்பினேன். கழுத்தை வெட்டித் தலையை முன்னால் சாய்த்து வைத்தேன், இடப்பக்கச் சங்கிலிப் பட்டைக்கும் சரிவின் விளிம்புக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கிற மாதிரி. கண் மட்டத்தில் பார்த்தால் இப்போது தோளும் தலையும் மட்டும் தெரிகின்றன.

முகத்துக்கு இரண்டு அடுக்கு வண்ணம் ஆகியிருக்கிறது. மூன்றாவது அடுக்கு காய்ந்ததும், கோபுரத்தில் பசையில்லாமல் வைத்துச் சில நாள் பார்த்துவிட்டு ஒட்டுவேன்.