மலையில் இருந்தால் ரத்தம் அப்படித்தான் இருக்குமாம்

வெந்நீரில் குளித்து முடித்ததும் உடம்பு முழுக்க அரிப்பு. தடிப்பு எதுவும் இல்லை; ஊசி குத்துவது போல அரை மணி நேரம், அப்புறம் தானாக அடங்கிவிடும். சோப்பை மாற்றினோம், பிறகு கடலை மாவு, பிறகு தேங்காய் எண்ணெய். பச்சைத் தண்ணீரில் குளித்துப் பாருங்கள் என்றார் ஒருவர், அவர் மேட்டுப்பாளையத்துக்காரர். ஊட்டியில் ஜனவரி உறைபனியிலும் உள்ளங்கால் எரிந்தது. சாக்ஸைக் கழற்றிவிட்டு சிமென்ட் தரையில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 18.9. "7,000 அடிக்கு மேலே இருக்கீங்க, ஆக்ஸிஜன் குறைவு, ரத்தம் கெட்டியாத்தான் இருக்கும்" என்றார் பார்த்த டாக்டர். எனக்கும் பெருமைதான். ரத்தசோகைக்கு மாத்திரை விழுங்கும் சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டேன். இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் பிடிவாதமாக ஒரு ரத்தநோய் நிபுணரிடம் அழைத்துப்போனாள். அவர் பார்த்ததும் அதே பழைய ரிப்போர்ட்தான். ஆனால் முதல் வரியோடு நிற்கவில்லை. வெள்ளணு 14,000, தட்டணு (பிளேட்லெட்) 6.4 லட்சம். "மலை கூட்டுவது சிவப்பணுவை. அதுவும் ஊட்டி உயரத்துக்கு ஒரு கிராம் வாக்கில்தான். மற்ற இரண்டும் ஏன் ஏறியிருக்கு?" அந்த இரண்டு எண்களும் தடித்த எழுத்திலேயே அச்சாகி என் ஃபைலில் கிடந்தன.

எரித்ரோபொய்டின் பார்க்கச் சொன்னார். ஆக்ஸிஜன் குறைந்தால் சிறுநீரகம் சுரக்கிற ஹார்மோன் அது. மலைதான் காரணம் என்றால் குறைந்திருக்காது. எனக்கு இயல்பளவுக்கும் கீழே இருந்தது. அடுத்து ஜாக்-2 மரபணுப் பரிசோதனை. பத்து நாள் காத்திருந்தோம். பாசிட்டிவ். அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் 617-வது இடத்தில் வாலினுக்குப் பதில் ஃபினைல்அலனின் வந்து உட்கார்ந்துவிட, யாரும் கேட்காமலே எலும்பு மஜ்ஜை அணுக்களை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். 2005-ல்தான் இதைக் கண்டுபிடித்தார்களாம். என் நோய்க்குப் பெயர் பாலிசைதீமியா வேரா; அது உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேரிடம் இந்த மாற்றம் உண்டு. இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தும், உறிஞ்சுகிற அந்தச் சில நொடிகள் உயிரே போய் வந்தது.

"புற்றுநோயா டாக்டர்?"

"அந்தப் பிரிவில்தான் சேர்த்திருக்காங்க. ஆனா மெதுவா நகர்வது. இப்போதைய பயம் ரத்தம் உறைவதுதான்: பக்கவாதம், மாரடைப்பு."

இது அவளுக்கும் வருமா என்று மகள் கேட்கவில்லை, நானே கேட்டேன். சிக்கிள் செல் ரத்தசோகை போலப் பெற்றோரிடமிருந்து வருவதல்ல, பெரும்பாலும் வாழ்நாளின் நடுவே மஜ்ஜையில் ஒரு அணுவில் நேர்கிற பிழை என்றார். சிக்கிள் செல் எங்களுக்குத் தெரிந்த பெயர்தான். இந்தியாவில் அது முதலில் பதிவானதே 1952-ல் எங்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்.

தினம் ஆஸ்பிரின் 75, வயது 62 என்பதால் அணு உற்பத்தியைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா, அதோடு ரத்தம் எடுப்பது. ஒரு தடவைக்கு 350 மில்லி, பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் சதவீதம், 45-க்குக் கீழே இறங்கும்வரை. எனக்கு 57 இருந்தது. 46 ஆனதும் போதாதா என்று பேரம் பேசிப் பார்த்தேன். இத்தாலியில் 365 பேரை வைத்துச் செய்த ஆய்வைச் சொன்னார், 2013-ல் வெளியானது. 45-லிருந்து 50 வரை விடப்பட்டவர்களுக்கு இதயநோய்ச் சாவும் பெரிய ரத்த உறைவும் ஏறத்தாழ நான்கு மடங்கு. பேரம் முடிந்தது.

முதல் தடவை ரத்தம் எடுத்த கையோடு பஸ் ஏறிவிட்டேன். பர்லியாறு வளைவுகளில் தலை சுற்றி, கண்டக்டர்தான் தண்ணீர் கொடுத்தார். இப்போதெல்லாம் மகள் வீட்டில் சாப்பிட்டு, ஒரு இரவு தங்கித்தான் கிளம்புகிறேன். இரும்புச்சத்து குறைந்து சோர்வு இருக்கிறது. ஆனால் இரும்பு மாத்திரையைத் தொடக்கூடாதாம், மஜ்ஜைக்குத் தீனி போட்டது போல ஆகிவிடும்.

போன வாரம் 44. அரிப்பு முழுதாகப் போகவில்லை. வெந்நீரின் சூட்டைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன், அதற்கு மேல் ஊட்டியில் முடியாது.