முதிரத் தயங்கும் செல்கள்

மூளை ஆராய்ச்சி என்று சொன்னால் எல்லோரும் நியூரானைப் பற்றித்தான் கேட்பார்கள். என் வேலையோ நியூரானின் நீண்ட இழையான ஆக்சானைச் சுற்றி மயலின் உறை போடும் செல்களோடு. ஒலிகோடென்ட்ரோசைட் என்று பெயர். 1921-ல் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ தெல் ரியோ ஒர்த்தேகா வெள்ளிச் சாயம் ஏற்றி இவற்றைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். இவை எங்கிருந்து பிறக்கின்றன, எந்தெந்த மரபணுக்கள் இவற்றை உருவாக்குகின்றன என்பதெல்லாம் இன்று ஓரளவு தெளிவாகிவிட்டது. பிறந்த செல் ஏன் சில இடங்களில் முதிராமல் பாதியில் நின்றுவிடுகிறது? இந்தக் கேள்விதான் இத்தனை வருடங்களாக என்னை இந்தத் துறையில் பிடித்து வைத்திருக்கிறது.

மயலினை மின்கம்பியின் பிளாஸ்டிக் உறையோடு ஒப்பிடுவது வழக்கம். வேகத்தைப் புரியவைக்க அது போதும். உறையில்லாத மெல்லிய இழையில் சமிக்ஞை நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் போனால் அதிகம். உறையுள்ள தடித்த இழையில் நொடிக்கு 100 மீட்டர்கூடப் போகும். ஆனால் மயலின் உயிருள்ள ஒரு செல்லின் உடம்பு என்பதை அந்த ஒப்பீடு மறைத்துவிடுகிறது. செல் தன் சவ்வையே தட்டையாக நீட்டி ஆக்சானைச் சுற்றுகிறது. நடுவில் இருக்கும் சைட்டோபிளாசம் என்ற செல் திரவத்தைப் பிழிந்து தள்ளி அடுக்குகளை இறுக்குகிறது. வெளியிலிருந்து மேலே மேலே சுற்றுவதாகத்தான் தோன்றும். உண்மையில் ஆக்சானை ஒட்டியிருக்கும் உள்முனைதான் பழைய அடுக்குகளுக்கு அடியில் நுழைந்து முன்னேறுகிறது. மூளையில் ஒரே செல் 50 இடங்கள் வரை இப்படிச் சுற்றும். ஒவ்வோர் உறைக்கும் வேண்டிய எம்பிபி என்ற புரதத்தை அந்தந்த இடத்திலேயே தயாரிக்கும். அதற்கான ஆர்என்ஏ கிளை நுனி வரை போய்ச் சேரும். சுற்றி முடித்த பிறகும் ஓய்வில்லை. ஆக்சானுக்கு லாக்டேட் கொடுத்து ஆற்றல் ஊட்டுவதும் இந்தச் செல்தான் என்று 2012-ல் வந்த ஆய்வுகள் காட்டின. இவ்வளவும் செய்கிற ஒன்றை வெறும் உறை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஆய்வகத்தில் இந்தச் செல்களை எடுக்கும் முறை பழையது, 1980-ல் மெக்கார்த்தியும் டி வெல்லிஸும் எழுதி வைத்தது. பிறந்து ஓரிரு நாளான எலிக்குட்டியின் மூளைப் புறணிச் செல்களைப் பிளாஸ்கில் வளர்க்க வேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற வேறு வகை மூளைச் செல்கள் அடியில் ஒரே படலமாகப் பரவிவிடும். அதன் மேல் சின்னச் சின்னதாக, மைக்ரோஸ்கோப்பில் பளிச்சென்று தெரிகிற செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவைதான் பின்னால் ஒலிகோடென்ட்ரோசைட்டாக முதிரப்போகும் முன்னோடிச் செல்கள். பிளாஸ்கை ஷேக்கரில் வைத்து இரவு முழுக்க ஆட்டினால் அடிப்படலம் அப்படியே இருக்க, இவை மட்டும் கழன்று மீடியம் எனும் வளர்ப்புத் திரவத்துக்கு வந்துவிடும். காலையில் அந்தக் கலங்கிய மீடியத்தை எடுத்துப் பார்க்கும் ஆவல் எனக்கு இன்னும் குறையவில்லை.

அப்புறம் நடப்பதுதான் முக்கியம். பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் செல்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்திவிட்டுத் தைராய்டு ஹார்மோனைக் கொடுத்தால் பிரிவது நிற்கும், கிளைகள் விரியும், சில நாளில் கிளைகளுக்கு நடுவே மயலின் சவ்வு தகடாகப் படரும். சுற்றுவதற்குத் தட்டில் ஓர் ஆக்சான்கூட இருக்காது. 2012-ல் ஜோனா சான் குழு இன்னும் ஒரு படி போனது. ஆக்சானுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் நுண்ணிழைகளை வைத்தார்கள். இழை ஏறத்தாழ 0.4 மைக்ரானுக்கு மேல் தடிமனாக இருந்தால் போதும், செல்கள் அதையும் சுற்றின. ஆக, சுற்றும் திறமை செல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆக்சானிடமிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் அதற்கு வர வேண்டியவை வேறு: எப்போது தொடங்கலாம், எதை விட்டுவிடலாம், எவ்வளவு போதும் என்ற செய்திகள். இந்தத் துறையில் என் யோசனையை மாற்றிய கட்டுரை ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அந்த 'எப்போது' எவ்வளவு குறுகியது என்பதை வரிக்குதிரை மீன்களில் பார்த்தோம். முட்டையிட்டு மூன்று நாளான குஞ்சு கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். அகரோஸ் என்ற ஜெல்லில் படுக்கவைத்து, தண்டுவடத்தில் ஒளிரும் ஒரு செல்லை ராத்திரி முழுக்கப் படம் எடுக்கலாம். செல் நாலா பக்கமும் கிளை நீட்டும், ஓர் ஆக்சானைத் தொடும், விடும், பக்கத்து ஆக்சானைப் பிடிக்கும். சில இடங்களில் உறை தொடங்கிப் பாதியில் சுருங்கி மறையும். 2013-ல் டேவிட் லயன்ஸ் குழு இதை அளந்து காட்டியது: ஒரு செல் புது உறைகளைத் தொடங்குவது சுமார் 5 மணி நேரத்துக்குள்தான். அதன் பிறகு இருக்கும் உறைகள் நீளும் அல்லது சுருங்கும், புதிதாக ஒன்று வருவதில்லை. எலியின் பார்வை நரம்பில், வளரும் பருவத்தில் பிறக்கும் இந்தச் செல்களில் பாதி அளவு செத்துப்போகின்றன என்று பென் பேரஸ், மார்ட்டின் ராஃப் ஆகியோர் 1992-லேயே எழுதியிருக்கிறார்கள். பிறந்தால் மட்டும் போதாது. சரியான இடத்தில், சரியான நேரத்தில் முதிரவும் வேண்டும்.

காத்திருப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. வளர்ந்த மூளையிலும் செல்களில் ஏறத்தாழ 5 சதவீதம் முன்னோடிச் செல்கள்தான். அவை காத்திருப்பதால் மூளைக்குப் பலன் உண்டு. 2014-ல் வில்லியம் ரிச்சர்ட்சன் குழு, புதிய ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் முதிர முடியாதபடி எலிகளில் ஒரு மரபணுவை நீக்கிப் பார்த்தது. படிகள் ஒழுங்கில்லாமல் அமைந்த சக்கரத்தில் ஓட அந்த எலிகளால் சரியாகப் பழக முடியவில்லை. புதிதாக ஒரு திறமையைக் கற்கும்போது காத்திருக்கும் செல்களில் சில முதிர்ந்து வேலைக்கு வர வேண்டியிருக்கிறது. அழைப்பு வந்த பிறகும் முதிராமல் நிற்பவைதான் என் கவலை.

புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவி ஒருத்தி ஒரு நாள் செல்கள் வளர்த்த தட்டோடு வந்தாள். எம்பிபி தெரிந்தால் செல் முதிர்ந்துவிட்டது என்று எங்களுக்குக் கணக்கு.

"மேடம், இதுல பாதிக்கு மேல எம்பிபி வரவே இல்லை. இதை விட்டுட்டு நல்லா வந்த தட்டை மட்டும் எண்ணட்டுமா?"

"நல்லா வந்ததை அப்புறம் பார்க்கலாம்மா. வராத செல்கள் எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு முதல்ல பாரு."

அன்று மாலை வரை இருவரும் மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்திருந்தோம். பிரிவதையே நிறுத்தாதவை சில. பிரிவதை நிறுத்திவிட்டு, கிளை விரித்த கையோடு நின்றுவிட்டவை பல. இந்த இரண்டாவது கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 2002-ல் வந்த ஒரு கட்டுரையின் படங்கள் நினைவுக்கு வரும். மயலின் உறை அழிந்துபோகும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய் உள்ளவர்களின் மூளையில், மயலின் அழிந்து பல காலமான இடங்களில் இதே மாதிரி செல்கள் இருந்தன. ஆக்சானுக்குப் பக்கத்திலேயே கிளை விரித்து நின்றன, ஆனால் சுற்றவில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் மூளையிலும் கதை கிட்டத்தட்ட இதுதான். 23 முதல் 32 வாரத்தில் இந்த முன்னோடிகள் ஆக்சிஜன் குறைவை அவ்வளவாகத் தாங்காது. பாதிப்புக்குப் பிறகு புது முன்னோடிகள் பெருகினாலும், அவற்றில் பல முதிரும் முன்பே நின்றுவிடுகின்றன.

என் கருத்தில், செல்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்குக் கொடுத்த கவனத்தை, அவற்றைத் தடுத்து நிறுத்துவது எது என்பதற்கு நாங்கள் நெடுநாள் கொடுக்கவில்லை. இப்போது அது மாறிவருகிறது. கிளமாஸ்டீன் என்ற பழைய ஒவ்வாமை மாத்திரை இந்த முன்னோடிகளை முதிரத் தூண்டுவதாகத் தெரிந்து, 50 மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2017-ல் வெளியானது. கண்ணில் பட்ட காட்சிக்கான சமிக்ஞை மூளைக்குப் போய்ச் சேரும் தாமதம் 1.7 மில்லிசெகண்ட் குறைந்தது. களைப்பு கூடியதும் உண்மை. நோயாளிகளின் குடும்பத்தார் எங்களுக்கு எழுதும்போது இந்த எண்ணை அப்படியே சொல்வேன், இன்னும் இது மருந்தாகவில்லை என்பதையும் சேர்த்து. சிறிய எண்தான். ஆனால் நெடுநாள் சேதமான நரம்பிலும் மயலின் சீராக வாய்ப்புண்டு என்பதற்கு மனிதரிடமே கிடைத்த அறிகுறி அது. அதைச் சொல்லும்போது என் குரலில் சந்தோஷம் தெரிந்தால் தெரியட்டும்.

வயது இன்னொரு தடை. வயதான எலியின் முன்னோடிச் செல்கள் முதிரச் சொன்னாலும் மெதுவாகத்தான் கேட்கின்றன. ராபின் ஃபிராங்க்ளின் குழுவினர் 2019-ல் இரண்டு விஷயங்களைக் காட்டினார்கள். உணவைக் குறைப்பதாலும், சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினாலும் வயதான எலிகளில் அழிந்த மயலின் சீராவது மேம்பட்டது, இது ஒன்று. வயதாக ஆக மூளையின் திசு விறைப்பாகிறது, அந்த விறைப்பைச் செல்கள் பியெசோ-1 என்ற புரதத்தால் உணர்கின்றன, மென்மையான பரப்பில் வைத்தால் வயதான செல்லும் இளம் செல் போலவே நடந்துகொள்கிறது, இது இரண்டாவது. இரண்டாவதைப் படித்ததிலிருந்து எங்கள் வேலையின் திசையே மாறிவிட்டது. இப்போது அந்த மாணவி மென்மையிலிருந்து விறைப்பு வரை வெவ்வேறு ஜெல்களில் செல்களை வளர்க்கிறாள். கிளை விரித்து நின்றவற்றை மட்டும் பிரித்தெடுத்து, எந்த மரபணு திறக்காமல் இருக்கிறது என்று பார்ப்பது அடுத்த வேலை. பிரிவை நிறுத்தாத செல்லுக்கும் பாதியில் நின்ற செல்லுக்கும் தடை ஒன்றேதானா என்பதை அதில்தான் சோதிக்கப் போகிறோம். இரண்டும் வெவ்வேறு தடைகள் என்பது அவள் பந்தயம். நானும் அவள் பக்கம்தான்.