ஈரல் எங்கே?

பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் கஜல்கள், ஈரடிகளாலான காதல் பாடல்கள், என் மேசைக்கு வந்தன. பாரசீகத்திலிருந்து நேரே தமிழாக்கியவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். 'ஈரல் இரத்தமாயிற்று' என்று வந்த இடங்களில் எல்லாம் 'நெஞ்சம் புண்ணாயிற்று' என்று சிவப்பு மையில் மாற்றினேன். இது காதல் கவிதையா, கசாப்புக் கடையா என்று உள்ளுக்குள் சிரிப்பு வேறு.

தாள்கள் திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் ஒரே கேள்வி: "தம்பி, ஈரல் எங்கே?"

தொலைபேசியில் கூப்பிட்டேன். "தில் வேறு, ஜிகர் வேறு, தம்பி. ஆசைப்படுவது தில், அதாவது நெஞ்சம். வேதனையைத் தாங்கித் தாங்கி இரத்தமாகக் கரைவது ஜிகர், அதாவது ஈரல். ஈரக்குலை நடுங்கியது என்று நாம் சொல்வதையும் நெஞ்சம் என்று திருத்துவீர்களா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை.

வில் புருவமும் அம்பு இமையும் நமக்குப் பழகியவை. அவற்றில் நான் கை வைக்கவில்லை. ஆனால் தொழுகையில் உன் புருவ வளைவு நினைவுக்கு வர, மிஹ்ராபே கதறிவிட்டது என்ற அடியில் தடுமாறினேன். பள்ளிவாசல் சுவரில் மக்காவின் திசை காட்டும் அந்த வளைந்த மாடத்தைப் படத்தில் பார்த்த பிறகுதான் புருவம் கண்ணில் பட்டது.

'அவர்' என்றிருந்ததை 'அவள்' ஆக்கியதும் நான்தான். பாரசீகச் சுட்டுப்பெயரில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. கன்னத்து மச்சத்துக்காகச் சமர்கந்து, புகாரா நகரங்களையே கொடுப்பேன் என்று ஹாஃபிஸ் பாடிய ஷீராஸ் நகரத்துத் துருக்கியரை, 1771இல் வில்லியம் ஜோன்ஸ் ஆங்கிலத்தில் இளம்பெண் ஆக்கினார். நல்ல துணைதான் எனக்கு!

இன்றும் உறுத்துவது வேறொன்று. 'உதடுவரை வந்துவிட்ட உயிர் தங்களைக் காண விரும்புகிறது. திரும்பட்டுமா, வெளியே வரட்டுமா, கட்டளை என்ன?' என்று பேராசிரியர் எழுதியிருந்தார். உயிர் தொண்டைக்குழிக்குத்தானே வரும் என்று உதட்டை அடித்தேன். காதலில் என்ன மரியாதை என்று 'தங்களை'யையும் அடித்தேன். தொண்டைக்குழியில் உயிர் சிக்கித் தவிக்கும். உதட்டில் அப்படியில்லை, வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு உத்தரவுக்கு நிற்கும் ஆளைப்போல நிற்கிறது. அப்படி நிற்பவர் 'நீ' என்று எப்படிக் கேட்பார்? மூலத்திலும் அந்தக் கஜலின் ஒவ்வோர் ஈரடியும் முடிவது 'ஷுமா'வில், அதாவது 'நீங்கள்' என்பதில்தான்.

அன்று மாலை அந்த அடியின் கீழே, சொல் சொல்லாக, புள்ளி வைத்துக்கொண்டே போனேன். அடித்ததை நீக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்பதற்கு எங்கள் தொழிலில் அதுதான் குறி.