சிமோன் பைல்ஸ் விட்டுக்கொடுத்த அரைப் புள்ளி

2023 அக்டோபரில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் நடந்த உலக ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில், அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் யுர்ச்சென்கோ டபுள் பைக் என்னும் வால்ட்டை (ஓடிவந்து, மேசை போன்ற கருவியில் கையூன்றிப் பாயும் பாய்ச்சலை) செய்தார். கால்களை மடக்காமல், இடுப்பை மட்டும் மடித்துக் காற்றில் இருமுறை பின்பக்கமாகக் கரணமடித்து இறங்க வேண்டிய அந்த வால்ட்டில், சுழற்சி சற்றுக் குறைந்தாலும் தலையோ கழுத்தோ மெத்தையில் மோதும். ஆகவே அவருடைய பயிற்சியாளர் லோரான் லாண்டி, தேவைப்பட்டால் கைகொடுப்பதற்காக, இறங்குமிடத்தின் அருகிலேயே நின்றார். அப்படி நின்றால் 0.5 புள்ளி கழிக்கப்படும் என்பது விதி. பதக்கங்கள் பல நேரம் பத்தில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் கைமாறும் விளையாட்டில், அந்த இழப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுதான் இருவரும் களத்தில் இறங்கினார்கள். உச்சத் திறனையும் உடல், மன நலத்தையும் ஒருங்கே காப்பது எப்படி என்று யாராவது கேட்டால், நான் முதலில் சுட்டிக்காட்ட விரும்புவது இந்த அரைப் புள்ளியைத்தான்.

இந்த முடிவின் வேர் டோக்கியோவில் இருக்கிறது. கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போன ஒலிம்பிக் அது. அரங்கில் பார்வையாளர்கள் இல்லை, குடும்பத்தினர் உடன்வர அனுமதியும் இல்லை. 2021 ஜூலை 27 அன்று நடந்த அணி இறுதிப்போட்டியில், வால்ட்டில் நீள்வாக்கில் இரண்டரைச் சுற்றுச் சுற்ற வேண்டிய பைல்ஸ், ஒன்றரைச் சுற்றோடு தடுமாறி இறங்கினார். காற்றில் தாம் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வே அறுந்துபோகும் இந்நிலையை ஜிம்னாஸ்டிக்ஸ் உலகத்தார் 'ட்விஸ்டீஸ்' என்கிறார்கள். ஆயிரக்கணக்கான முறை பழகி, எண்ணிப் பார்க்காமலே உடல் செய்துவந்த ஓர் அசைவு, மன அழுத்தத்தின் நடுவே திடீரென்று கைவிட்டுப் போகிறது. தரை எந்தப் பக்கம் என்பது தெரியாமல், கண்ணிமைக்கும் நேரத்தில் இறங்கியாக வேண்டியிருக்கிறது. ஓட்டப்பந்தய வீரருக்கு இப்படி ஒரு தடுமாற்றம் வந்தால் பந்தயம் போகும். இங்கே முதுகெலும்பு போகும்.

பைல்ஸ் விலகினார். அவருக்குப் பதிலாக ஜோர்டன் சைல்ஸும் சுனிசா லீயும் களமிறங்க, அமெரிக்க அணி வெள்ளி வென்றது. அவரைக் கோழை என்றும் அணியைக் கைவிட்டவர் என்றும் எழுதியவர்கள் குறைவல்லர். அவர்களுக்கு எலேனா முகினாவின் கதை தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். 1978இல் உலகச் சாம்பியனான சோவியத் வீராங்கனை அவர். 1979இல் கால் முறிந்தது. அது முழுமையாகக் குணமாகும் முன்பே பயிற்சிக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். தமக்குத் தரப்பட்ட தாமஸ் சால்ட்டோ என்னும் கரணம் தம் கழுத்தை முறித்துவிடும் என்று பயிற்சியாளரிடம் சொல்லியும் பயனில்லை என்பதைப் பிற்காலத்தில் அவரே கூறினார். மாஸ்கோ ஒலிம்பிக் தொடங்க இரண்டு வாரங்களே இருந்த நிலையில், 1980 ஜூலை 3 அன்று, மின்ஸ்க் நகரப் பயிற்சிக்கூடத்தில் அந்தக் கரணத்தின்போதே அவருடைய கழுத்து முறிந்தது. அப்போது அவருக்கு வயது 20. கைகால்கள் செயலிழந்த நிலையில், 2006இல் இறக்கும்வரை அவர் வாழ்ந்தார். அந்தக் கரணம் பெண்கள் போட்டிகளில் பிறகு தடைசெய்யப்பட்டது.

டோக்கியோவில் பைல்ஸ் வெறுமனே ஒதுங்கியிருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானிலேயே வேறொரு பயிற்சிக்கூடத்தில், ஆள்கூட்டம் இல்லாத இடத்தில், தம்மால் எது முடிகிறது, எது முடியவில்லை என்று சோதித்துப் பார்த்தார். உடலை நீள்வாக்கில் சுழற்றும் முறுக்குச் சுற்று திரும்பவில்லை. வெறும் கரணம் இருந்தது. ஆகவே 10 சென்டிமீட்டர் அகலமே உள்ள உயரமான சட்டமான பீமில், முறுக்குச் சுற்று இல்லாத எளிய இறங்குமுறையாக மாற்றிக்கொண்டு ஆகஸ்ட் 3 அன்று வெண்கலம் வென்றார். அழுத்தத்தைக் கையாளுதல் என்ற சொற்றொடர் பெரும்பாலும் மூச்சுப்பயிற்சி, நேர்மறை எண்ணம் என்ற அளவிலேயே பேசப்படுகிறது. அவையும் உதவலாம், ஆனால் பைல்ஸ் செய்தது அதைவிடக் கறாரான வேலை: இன்றைக்கு உடலும் மனமும் தாங்கக்கூடியது எதுவோ அதற்கேற்பப் பயிற்சித் திட்டத்தையே திருத்தி எழுதினார்.

பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் போட்டியிடவில்லை. உளவியல் ஆலோசனையைப் பயிற்சியின் நிரந்தரப் பகுதியாக்கிக்கொண்டார். 2024இல் பாரிஸ் அணி இறுதிப்போட்டி நடந்த நாளிலும், காலை ஏழு மணியளவில் ஆலோசகரிடம் பேசிவிட்டே அரங்குக்கு வந்ததாக அவரே சொன்னார். அங்கு மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார், வயது 27.

ஆனால் ஒரு கவலை எனக்குத் தீரவில்லை. டோக்கியோவுக்கு வரும்போதே பைல்ஸிடம் ரியோவில் வென்ற நான்கு ஒலிம்பிக் தங்கங்கள் இருந்தன. அவர் 'முடியாது' என்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும். அணியில் கடைசி இடத்துக்குப் போராடும் 16 வயதுச் சிறுமி அதையே சொன்னால், அடுத்த தேர்வில் அவள் பெயர் இருக்குமா? அணியில் இடம் தருபவரிடமே தன் அச்சத்தையும் சொல்ல வேண்டியிருந்தால், அவள் வாய்திறக்க மாட்டாள். ஆகவே தேர்வில் எந்தப் பங்கும் இல்லாத மருத்துவருக்கும் உளவியல் ஆலோசகருக்கும், பயிற்சியாளரின் ஒப்புதல் இல்லாமலே ஒரு வீராங்கனையை நிறுத்திவைக்கும் அதிகாரம் எழுத்தில் தரப்பட வேண்டும் என்றும், அப்படி நிறுத்தப்பட்டதைத் தேர்வுக்குழு அவளுக்கு எதிராகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் நான் உறுதியாகக் கருதுகிறேன்.