அம்பாசமுத்திரம் பக்கத்துப் பால்வாடியில் ஒரு முற்பகல்

ஆனி, ஆடி மாதங்களில் பொதிகை மலையடிவாரத்து ஊர்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பாபநாசம், அகத்தியர் அருவி, மணிமுத்தாறு என்று திட்டம் போட்டுக்கொண்டு வருகிறார்கள். மூன்று வயதுக் குழந்தையை உடன் அழைத்து வருகிறவர்களுக்கு அந்தத் திட்டம் பாதிக்கு மேல் உதவாது. ஆற்றில் தண்ணீர் இழுக்கும், அருவிக்கரையில் கூட்டம் நெருக்கும், இரண்டும் இல்லாத நேரத்தில் சாரல் பிடித்துக்கொள்ளும். திருநெல்வேலியில் மணிக்கணக்குக்குக் கட்டணம் வாங்கும் விளையாட்டுக் கூடங்கள் உண்டு. கொக்கிரகுளத்தில் 1987இல் தொடங்கப்பட்ட மாவட்ட அறிவியல் மையமும் உண்டு. ஆனால் அதன் அருமை பள்ளிக்குப் போகும் வயதில்தான் குழந்தைக்குப் பிடிபடும். அம்பாசமுத்திரத்தை அடுத்த எங்கள் ஊரில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தபோது, மழையால் திண்ணைக்கும் அடுக்களைக்குமாக நடந்து சலித்துப்போன என் மகளைப் பார்த்துவிட்டு மதினிதான் வழி சொன்னார்: "பேசாம பால்வாடிக்குக் கூட்டிட்டுப் போ. அங்கன பிள்ளையளுக்கு வெளையாட எல்லாம் கெடக்கு."

அங்கன்வாடி என்று அரசு ஏடுகளில் எழுதப்படும் இந்த மையங்கள், 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் வழி வந்தவை. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. இருந்தும், சற்று வசதி வந்துவிட்ட குடும்பங்கள் இதை இல்லாதவர்களுக்கான இடம் என்று ஒதுக்கிவிட்டன. எங்கள் குடும்பமும் அதற்கு விலக்கல்ல. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அப்போது திருநெல்வேலி மாவட்ட ஆட்சியராக இருந்த ஷில்பா பிரபாகர் சதீஷ் தம் மகளைப் பாளையங்கோட்டையில் ஓர் அங்கன்வாடியில் சேர்த்தது நாடெங்கும் செய்தியானது. ஒரு தாய் தம் குழந்தையைத் தெருவில் உள்ள பால்வாடியில் விடுவது செய்தியாகும் அளவுக்கு அரிதாகிவிட்டதே என்று அப்போது நினைத்தேன். அதன் பிறகும் நான் ஒரு மையத்துக்குள் கால் வைத்ததில்லை.

மதினிக்கு டீச்சர் பழக்கம் என்பதால் முதல் நாள் மாலையே அனுமதி கேட்டுக்கொண்டு, மறுநாள் காலை குடையோடு போனோம். வாசலிலேயே ஆயா, "ஏட்டி, செருப்ப அங்கன கழத்திப் போட்டுட்டு வா" என்று என் மகளை உரிமையோடு அதட்டினார். ஒரு கூடம், அதை ஒட்டிச் சமையலறை, சாமான் வைக்கும் சிறிய அறை: கட்டடம் அவ்வளவுதான். சுவரில் விலங்குகள், காய்கறிகள், உயிரெழுத்துகள், பெட்டி பெட்டியாக எண்களை ஏற்றிச் செல்லும் ரயில் என்று ஓர் இடம் விடாமல் வரைந்திருந்தார்கள். அந்தப் படங்களைவிட எனக்குப் பிடித்தது, தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை சுவரைச் சுற்றிலும் அடித்திருந்த கரும்பலகை வண்ணம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தபடியே அதில் கிறுக்கலாம், அழிக்கலாம், பக்கத்துப் பிள்ளையின் கிறுக்கல்மேலும் கிறுக்கலாம். மூன்று வயதில் எழுத்துக்கு முன்னால் வரவேண்டியது முழங்கையும் மணிக்கட்டும் தாராளமாக அசையும் கிறுக்கல்தான். வீட்டில் நான் வாங்கிக் கொடுத்த கோடு போட்ட நோட்டில் அதற்கு இடமே இல்லை.

மாதத்துக்கு ஒரு கருப்பொருளாக 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டத்தின்படி காலையில் வட்டமாக நின்று பாட்டும் அசைவும் நடக்கின்றன. அது முடிந்ததும் பிள்ளைகளை அவரவர் விருப்பப்படி விட்டுவிடுகிறார்கள். அன்று ஒரு மூலையில் பனையோலைக் கொட்டான்கள் இரண்டில் புளியங்கொட்டையும் சோழியும் கலந்து கிடந்தன; இரண்டையும் பிரித்து வைப்பது விளையாட்டு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பொருளை எடுக்கும் பழக்கமே பின்னால் பென்சில் பிடிக்கும் பிடியாகிறது என்று டீச்சர் விளக்கினார். மூன்று வயது நிரம்பாத பிள்ளைகளை அந்த மூலைக்கு அவர் விடவில்லை. விளையாட்டு முடிந்ததும் கொட்டைகளை எண்ணிப் பார்த்தே உள்ளே வைத்தார். ஒரு கொட்டை குறைந்தபோது பாய்களை எல்லாம் உதறி அதைத் தேடிக் கண்டெடுத்த பிறகுதான் வேறு வேலைக்குப் போனார்.

நான் கையில் கொண்டுபோனது அம்பாசமுத்திரம் மரச்சொப்பு. கடைசல் பிடித்த மரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே அதன்மேல் அரக்குக் கட்டியை அழுத்த, உராய்வின் சூட்டில் அரக்கு உருகி வழவழவென்று படிந்து நிறமாகிறது. எங்கும் கூரான முனை கிடையாது. உரல், அம்மி, திருகை, குடம், அடுப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வைக்க, வாசலில் மழை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் பலர் வீட்டில் மிக்ஸிதான் ஓடுகிறது. திருகையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பையன் அதைக் காரின் ஸ்டியரிங்காகச் சுற்றினான், அதையும் யாரும் திருத்தவில்லை. அடுப்பைப் பிடித்துக்கொண்ட ஒரு சிறுமியிடம் டீச்சர், "என்னட்டி சமைக்க?" என்று மட்டும் கேட்டார். "சொதி வைக்கேன்" என்று பதில் வந்தது. தேங்காய்ப் பாலில் வைக்கும் குழம்பு அது, எங்கள் பக்கத்து மறுவீட்டு விருந்தில் இஞ்சிப் பச்சடியோடு பரிமாறுவார்கள். தேங்காய்ப் பால் யார் பிழிவது, இஞ்சிப் பச்சடி யார் செய்வது என்று அடுத்து ஒரு பெரிய பேச்சு நடந்து, கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுப் பந்தியே அங்கே உருவாகிவிட்டது. என் மகளுக்குச் சொதி தெரியாது. பரிமாறும் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். முதலில் முறைத்துக்கொண்டு நின்றவள், பந்தியில் இருந்தவர்கள் "இங்கன ஊத்து, இங்கன ஊத்து" என்று கேட்கத் தொடங்கியதும் ஓய்வில்லாமல் ஓடினாள்.

கட்டணக் கூடங்களில் நான் பார்த்தவரை, பிள்ளை நெகிழிப் பந்துகளுக்கு நடுவே தனியாகக் குதிக்கும், பெற்றோர் கைப்பேசியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். இங்கே பொருள் குறைவு என்பதால் ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறது, கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, சண்டையும் வருகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

குறை இல்லாமல் இல்லை. கூடத்தின் ஓரத்தில் நின்ற இரும்பு அலமாரிக்குள் புதிய கட்டைகளும் புதிர் அட்டைகளும் உறை பிரிக்காமல் பூட்டிக் கிடந்தன. உடைந்தால் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற பயமே காரணம் என்பது கேட்காமலேயே புரிந்தது. விளையாட்டுப் பொருள் தேய்வதும் உடைவதும் செலவுக் கணக்கில் முன்கூட்டியே எழுதப்பட வேண்டியவை. அது நடக்காதவரை நல்ல பொருள்கள் அலமாரியில்தான் இருக்கும். பதிவேடுகளோடு, 2021இல் வந்த போஷன் டிராக்கர் செயலியிலும் வருகை, எடை, உயரம் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டியிருப்பதால், பிள்ளைகளோடு தரையில் உட்கார வேண்டிய டீச்சரை அவ்வப்போது கைப்பேசி எழுப்பிவிடுகிறது.

நண்பகலுக்குச் சற்று முன்பே தட்டுகள் வந்தன. வாரத்தில் மூன்று நாள் முட்டை என்ற கணக்கில் அன்று முட்டை நாள். காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிய எட்டயபுரம் அன்று இதே திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அது பள்ளிப் பிள்ளைகளுக்கானது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டம்தான் இந்த வயதுப் பிள்ளைகளையும் பந்தியில் சேர்த்தது. வீட்டில் ஒவ்வொரு கவளத்துக்கும் கதை கேட்கும் என் மகள், எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துத் தானும் தட்டுக்கு முன் உட்கார்ந்துவிட்டாள். கணக்குப்படி வந்த உணவில் பங்கு கேட்பது சரியாகப் படவில்லை. மதினி கொடுத்தனுப்பிய தயிர்ச்சோற்றை அந்த வரிசையிலேயே வைத்து ஊட்டாமல் சாப்பிட விட்டேன். சிந்தியதை ஆயா ஒன்றும் சொல்லவில்லை.

ஊருக்கு வரும்போது குழந்தையை இப்படி ஒரு மையத்துக்கு அழைத்துப் போக நினைப்பவர்கள், தெரிந்தவர் ஒருவர் வழியாக டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது முறை. பத்து மணிக்கு மேல் போய்ச் சாப்பாட்டு நேரத்துக்கு முன் கிளம்பிவிட்டால் அவர்கள் வேலை கெடாது. மற்றவர் பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டாம், மிட்டாய்ப் பொட்டலங்களும் வேண்டாம். பின்பக்கம் வெறுமையாக உள்ள பழைய நாள்காட்டித் தாள்களை டீச்சர் என்னிடம் ஆசையாகக் கேட்டார், அவை வரைவதற்கு ஆகும். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை செல்லும் ரயில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரத்தில் நிற்கிறது. சொப்பு வாங்குவதாக இருந்தால் அங்கேயே வாங்கலாம். பெட்டியைப் பிரித்து, வாய்க்குள் போகும் அளவுக்குச் சிறிதாக உள்ளவற்றைக் கடையிலேயே எடுத்துவிட்டு மற்றதைக் கொண்டுபோங்கள்.