6 அடி ஆஸ்கர் தொட்டிக்கு சம்ப்: தீனிக் கணக்கிலிருந்து கரண்ட் கட் சோதனை வரை

தொட்டி 6×2×2 அடி, 12 மி.மீ. கண்ணாடி. குடிவரப் போவது ஆறு ஆஸ்கர் மீன். ஃபில்டர் கேட்டுக் கடைக்குப் போனால் "எத்தனை லிட்டர் தொட்டி?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். இந்த சம்புக்கு, அதாவது மீன் தொட்டிக்குக் கீழே வைக்கும் ஃபில்டர் தொட்டிக்கு, கணக்கு தீனியிலிருந்து தொடங்கியது. இதே தொட்டியில் பத்து நியான் டெட்ரா மட்டும் என்றால் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரே தாங்கும்.

வளர்ந்த ஆஸ்கர் அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையில் 1 சதவீதம் தீனி, ஆறுக்கும் சேர்த்து நாளுக்கு 30 கிராம். பெல்லெட்டில் 40 சதவீதம் புரதம். மீன் பண்ணைகளில் போடும் கணக்கு: தீனி × புரதம் × 0.092. விடை, அந்தத் தீனியிலிருந்து மீன் கழிவாக வரும் அம்மோனியா நைட்ரஜன், நாளுக்கு 1.1 கிராம். பண்ணைத் தண்ணீரில் அம்மோனியா எப்போதும் கொஞ்சம் நிற்கும், அதனால் பாக்டீரியா வேகமாகத் தின்னும். வீட்டுத் தொட்டியில் அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதால், பாக்டீரியா படியும் பரப்பில் சதுர மீட்டருக்கு நாளுக்கு 0.1 கிராம்தான் கழியும் என்று கஞ்சத்தனமாகவே எடுத்தோம். ஆக 11 சதுர மீட்டர் வேண்டும். கே1 மீடியா (பாக்டீரியா குடியேறும் சிறு பிளாஸ்டிக் சக்கரங்கள்) லிட்டருக்கு அரைச் சதுர மீட்டர் தரும். 22 லிட்டர் போதும், போட்டது 25.

சம்ப் 4×1.5×1.5 அடி. முதல் அறை 25 செ.மீ., ஸ்பாஞ்சுக்கும் பஞ்சுக்கும். அடுத்தது 50 செ.மீ., கே1 சுழல. பிறகு குமிழி அடங்க 12, கடைசியில் மோட்டாருக்கு 35. முதல் மூன்று அறைகளில் நீர்மட்டம் 28 செ.மீ., மோட்டார் அறையில் 20. கே1 அறையில் சுமார் 60 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. 25 லிட்டர் மீடியா அதில் 40 சதவீதம். 60-ஐத் தாண்டினால் சரியாகச் சுழலாது. அறையின் வாசலில் 5 மி.மீ. துளையிட்ட அக்ரிலிக் தகடு. துளைகள் தாராளமாக இருக்கட்டும். பஞ்சுத் தூசி அடைத்தால் தண்ணீர் தகட்டின் மேலேறி வழியும், கூடவே கே1 மோட்டாருக்குள் போய்ச் சேரும். புது மீடியா மிதந்துகொண்டு அடம்பிடிக்கும். மேலே வழவழப்புப் படிந்த பிறகுதான் ஒழுங்காகப் புரளும். அதுவரை ஏர் மோட்டாரை மாற்றிப் பயனில்லை.

மேல் தொட்டித் தண்ணீர் விளிம்பு தாண்டி ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் வழியும். அங்கிருந்து சம்புக்கு இறங்க இரண்டு பைப். ஒன்று ஒன்றேகால் அங்குலம், கேட் வால்வுடன். முழுக்கத் தண்ணீர் நிறைந்து சத்தமில்லாமல் இறங்கும். மற்றது ஒன்றரை அங்குலம், ஆபத்துக்கு. அதில் எந்த வால்வும் கூடாது. முதல் பைப்பில் பால் வால்வு போட்டால் ஒரு மயிரிழை திருப்பினாலே மட்டம் எகிறும், அல்லது உறிஞ்சல் சத்தம் வரும். கேட் வால்வுதான் சரி. ஆபத்துப் பைப்பில் நூல்போலக் கொஞ்சம் வழிகிற அளவுக்குத் திருகி விட்டுவிட வேண்டும். பிறகு ஒருநாள் அதில் சலசலவென்று சத்தம் கேட்டால் முதல் பைப்பின் வாயை நத்தையோ இலையோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். சம்புக்குள் பைப்பின் நுனி தண்ணீரில் ஓர் அங்குலத்துக்கு மேல் முங்கக் கூடாது. ஆழமாக விட்டால் கரண்ட் திரும்பி வரும்போது உள்ளே மாட்டிய காற்று வெளியேறாது, பைப்பும் பிடிக்காது.

பைப்பைக் கண்ணாடியில் பொருத்தும் டேங்க் கனெக்டரைக் கையில் வாங்கி அளந்த பிறகே கண்ணாடியில் துளை. கடைக்காரர் சொல்லும் அங்குலமும் நூல் பகுதியின் வெளி அளவும் ஒன்றல்ல. டெம்பர்டு கண்ணாடி என்றால் துளையிடும் பேச்சே வேண்டாம், மொத்தமாக நொறுங்கிவிடும்.

இனி கரண்ட் கட். பெரும்பாலான சம்புகள் வீட்டை நனைப்பது இங்கேதான். மேல் தொட்டியில் ஒரு செ.மீ. உயரத் தண்ணீர் என்பது 10.7 லிட்டர். மோட்டார் நின்றதும், தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பைப்பின் வாய் காற்றைத் தொடும்வரை தண்ணீர் பின்னோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். வாய் 2.5 செ.மீ. ஆழத்தில் இருந்தால், விளிம்பில் வழியும் தண்ணீரையும் சேர்த்து 4 செ.மீ. இறங்கும்: 43 லிட்டர். ஓவர்ஃப்ளோ பெட்டியிலிருந்து இன்னும் 3. சம்பில் விளிம்புவரை மிச்சமுள்ள இடம் சுமார் 107 லிட்டர் என்பதால் கவலையில்லை. அதே வாயை "அடியில் தண்ணீர் நன்றாகச் சுற்றட்டும்" என்று 10 செ.மீ. ஆழத்தில் வைத்தால் 120 லிட்டருக்கு மேல் வரும். தரையில்தான் போய் நிற்கும். தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வை நம்பி இந்தக் கணக்கைத் தள்ளிவிடாதீர்கள், ஒரு சிறு நத்தை போதும் அது மூடாமல் நிற்க. ஸ்விட்சை அணைத்துச் சோதித்ததில் சம்பின் மட்டம் விளிம்புக்கு அரைச் சாண் கீழேயே நின்றது. இந்தச் சோதனையை மீன் விடுவதற்கு முன் செய்யுங்கள்.

மோட்டார் அட்டையில் 6,000 லிட்டர் என்று இருந்தாலும் அது ஏற்றமே இல்லாதபோது. 1.4 மீட்டர் ஏற்றி, இரண்டு எல்போ திரும்பினால் பாதிக்கு வந்துவிடும். ரிட்டர்ன் வாயில் 20 லிட்டர் வாளியைப் பிடித்தால் 24 நொடியில் நிறைகிறது, அதாவது மணிக்கு 3,000. இந்த அளவுத் தொட்டிக்கு இது போதும். மூலைகளில் கழிவு தேங்கினால் தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றும் ஒரு வேவ் மேக்கர் மாட்டலாம். அதற்காக மோட்டாரைப் பெரிதாக்கினால் பஞ்சைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் ஓடும்.

பாக்டீரியா வளர்க்க, மீன் இல்லாமல், மொத்தம் 700 லிட்டருக்கு அம்மோனியம் குளோரைடு 4 கிராம்: அம்மோனியா லிட்டருக்கு 2 மி.கி. அளவுக்கு வரும். பழைய ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரும் சேர்த்தாகிவிட்டது. பாட்டில் பாக்டீரியாவைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. இப்போதைய நிலை: அம்மோனியா ஒரே நாளில் மறைகிறது, அது மாறி வரும் நைட்ரைட் இன்னும் நிற்கிறது. இரண்டும் 24 மணி நேரத்தில் பூஜ்யம் காட்டினால் மீன் விடலாம்.

இதில் காரத்தன்மை (பி.எச். சரியாமல் தாங்கும் சக்தி) கரைவதைப் பலரும் பார்ப்பதில்லை. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7 கிராமுக்குச் சற்று மேல் செலவாகும். 30 கிராம் தீனிக்கு, தினமும் லிட்டருக்கு 11 மி.கி. போர் தண்ணீரில் இது தெரியவே தெரியாது. ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுகிறவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் பி.எச். சரியும், பாக்டீரியா வேலையை நிறுத்தும், நன்றாக இருந்த ஃபில்டரில் திடீரென்று அம்மோனியா காட்டும்.

பஞ்சு மூன்று நாளுக்கு ஒருமுறை அலச வேண்டும். அதில் தங்கிய கழிவு அங்கேயே அழுகினால் வடிகட்டியதற்குப் பொருளில்லை. கே1-ஐக் கழுவத் தேவையில்லை. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைக் காட்டவே வேண்டாம்.

கடைசியில் மிஞ்சும் நைட்ரேட்டை இந்த ஃபில்டர் கழிக்காது. 30 கிராம் தீனிக்குத் தினமும் லிட்டருக்கு 7 மி.கி. ஏறும், வாரத்துக்கு 49. பாதித் தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றினாலும் 100-ஐ ஒட்டிப் போய் நிற்கும். அதனால் தீனியை 20 கிராமுக்குக் குறைத்து, வாரம் இருமுறை 40 சதவீதம் மாற்றுவதாகத் திட்டம். 40-ஐ ஒட்டி நிற்கும். முதல் அறையில் மணி பிளாண்ட் வேரை இறக்கியிருக்கிறோம். அது எவ்வளவு இழுக்கிறது என்பது மீன் விட்ட பிறகு டெஸ்ட் கிட்டில் தெரியும்.