மழைக்கு முன் வாக்கி டாக்கி: இடித்த இடங்கள்

வெள்ள நிவாரணக் குழுவுக்கு வாக்கி டாக்கி ஏற்பாடு செய்யும் வேலை ஒருவழியாக முடிந்தது. எதற்கு இது என்று சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் செல்போன் கையில் இருந்தும் பேச முடியாமல் தவித்தவர்கள் ஏராளம்.

முதல் இடி, விற்பனையாளரிடம். "இதுக்கு லைசென்ஸே வேணாம் சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லி அவர் நீட்டியது 5 வாட் செட்; எந்த அலைவரிசையையும் பொத்தானிலேயே அடித்துக்கொள்ளலாம். லைசென்ஸ் வேண்டாம் என்ற சலுகை 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையான, சக்தி குறைந்த செட்டுகளுக்குத்தான். அவற்றுக்கும் இ.டி.ஏ. சான்று, அதாவது அந்த மாடலுக்கு அரசு தரும் ஒப்புதல், கட்டாயம். பணம் கொடுப்பதற்கு முன் அந்தச் சான்றின் நகலை வாங்கி, பெட்டியில் உள்ள மாடல் எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பில்லையும் அங்கேயே நின்று படியுங்கள். எங்களுக்கு வந்த பில்லில் 'தகவல் தொடர்பு சாதனம், ஒரு லாட்' என்று மட்டும் இருந்தது. ஒவ்வொரு செட்டின் சீரியல் எண்ணும் இல்லாத பில் எந்த விண்ணப்பத்துக்கும் உதவாது. அதைத் திருத்தி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

5 வாட் செட்டும் மாடியில் பேஸ் ஸ்டேஷனும் (எல்லா செட்டுகளோடும் பேசும் மைய நிலையம்) வேண்டுமென்றால் சரள் சஞ்சார் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பித்து, அலைவரிசைகளை ஒதுக்கும் மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவிடம் லைசென்ஸ் பெற வேண்டும். இதை ஐப்பசியில் ஆரம்பித்தால் அந்த மழைக்குக் கிடைக்காது, கோடையிலேயே போட்டுவிடுங்கள். ஆன்டெனா நிற்கும் இடத்தைப் பாகை, நிமிடம், விநாடியாகக் கேட்கும் கட்டத்தில் கவனம் தேவை. போன் மேப் 12.9815 என்று காட்டினால் அது 12 பாகை 58 நிமிடம் 53 விநாடி. புள்ளிக்குப் பின்னால் உள்ளதை அப்படியே நிமிடமாக எழுதினால் ஆன்டெனா வேறு ஊரில் போய் நிற்கும்.

ஹாம், அதாவது பொழுதுபோக்கு வானொலியாளர்களுக்கான லைசென்ஸ் தனி வழி. தேர்வு எழுதினால் 12 வயதுக்கு மேல் யாரும் பெறலாம். 2015-இல் சென்னையில் ஹாம்கள் செய்த உதவி பெரியது. ஆனால் அது ஆளுக்கான லைசென்ஸ். லைசென்ஸ் உள்ளவர் தன் செட்டைக் குழுவினர் கையில் கொடுத்து அரிசி மூட்டைக் கணக்குப் பேசச் சொல்ல முடியாது.

அடுத்தது மாடி அனுமதி. ஆன்டெனா வைக்க உயரமான கட்டடம் ஒன்றைக் கேட்டுப் போனால், அலுவலக எழுத்தர் "டவர் எல்லாம் வைக்கக் கூடாது, டிபார்ட்மென்ட் லெட்டர் கொண்டாங்க" என்றார். எந்த டிபார்ட்மென்ட் என்று கடைசிவரை சொல்லவில்லை. மெல்லப் பேச்சுக்கொடுத்தபோதுதான் தெரிந்தது, அவர் பயம் கதிர்வீச்சு இல்லை, மாடி ஒழுகுவது! துளை போடாமல் கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் போட்டு இறுக்குவோம் என்று படத்தோடு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தோம். ஆன்டெனாவின் எடை, பேஸ் செட்டின் 25 வாட் சக்தி, பொத்தானை அழுத்தும்போது மட்டுமே அலை வெளியேறும் என்பது, இடிதாங்கி எர்த், எல்லாம் அதில் இருந்தன. அன்றே கையெழுத்து. உங்களுக்கும் இந்த ஒரு பக்கம் உதவும்.

பேஸ் செட்டிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பொருத்த வந்தவர் எடுத்து வந்தது மெல்லிய ஆர்ஜி-58. எங்கள் செட்டுகளின் வி.எச்.எஃப். அலைவரிசையில் 30 மீட்டர் ஓடினால் அதில் சுமார் 6 டெசிபல் போய்விடும். கீழே 25 வாட் கொடுத்தால் மேலே சேர்வது 6 வாட்தான். தடித்த ஆர்ஜி-213 போட்டால் பாதிக்கு மேல் சேரும். டிவி கேபிளைப் போடாதீர்கள்; அது 75 ஓம், இதற்கு வேண்டியது 50. வெளியே இருக்கும் கனெக்டரில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதா இன்சுலேஷன் டேப் முதல் மழையிலேயே தண்ணீரை விட்டுவிடும். ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். அளவு 1.5-க்குள் இருந்தால் நிம்மதி.

சோதனை நாளில் பாதி செட்டுகள் ஊமை. விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை. விற்றவர் ஒரு பாதிக்கு 88.5 ஹெர்ட்ஸ் டோனும் மறுபாதிக்கு 67.0-வும் போட்டுக் கொடுத்திருந்தார். டோன் என்பது குரலோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி; அது ஒத்துப்போகாவிட்டால் எதிர் செட் வாய் திறக்காது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி மானிட்டர் பொத்தான். அதை அழுத்தினால் குரல் கேட்கிறதா? கோளாறு டோனில்தான். குரல் கேட்டும் மெலிந்தோ கரகரத்தோ வந்தால் ஒன்றில் 12.5, மற்றதில் 25 கிலோஹெர்ட்ஸ் என்று சேனலின் அகலம் மாறியிருக்கும்.

தூரம் பற்றிப் பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். 25 மீட்டர் உயர மாடிக்கும் தரையில் நிற்பவருக்கும் கணக்குப்படி 25 கிலோமீட்டர் எட்ட வேண்டும். ஆனால் நடுவில் நிற்பது அடுக்குமாடிகள். தெருவில் இரண்டு கைச்செட்டுகளுக்கு இடையே ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைத்தால் நல்லது. கேட்கவில்லை என்றால் கத்தாமல் ஒரு மாடி ஏறுங்கள், ஆன்டெனாவை நிமிர்த்திப் பிடியுங்கள்.

5 வாட்டில் பேசும்போது செட் ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். 1500 எம்.ஏ.எச். பேட்டரியில் மொத்தமாக ஒரு மணி நேரப் பேச்சுதான். ஒரே தெருவுக்குள் என்றால் 1 வாட்டுக்கு இறக்கிவிடுங்கள். கூட வரும் சார்ஜர் 230 வோல்ட். வெள்ளத்தில் கரண்ட் ஏது? கார் பேட்டரியிலிருந்து ஏற்றும் 12 வோல்ட் சார்ஜரை ரிச்சி தெருவில் தேடி வாங்கி வையுங்கள். தண்ணீர் புகாது என்பதற்கான ஐபி67 குறி போட்டிருந்தாலும் இயர்போன் ஓட்டையின் ரப்பர் மூடி திறந்திருந்தால் தண்ணீர் உள்ளே போகும். ஜிப் பையில் ஆன்டெனாவோடு சேர்த்துப் போட்டே பேசலாம், அலை தடைபடாது.

பேசும் முறையை ஒரு மாலையில் பழக்கிவிடலாம். பொத்தானை அழுத்தி ஒரு விநாடி கழித்துப் பேச வேண்டும், இல்லாவிட்டால் முதல் சொல் அறுந்துபோகும். முதலில் யாரை அழைக்கிறோம், பிறகு நாம் யார்: "பேஸ், பேஸ், படகு இரண்டு." இரைச்சலில் ஒன்பதும் ஐம்பதும் ஒன்றாகவே கேட்கும், "ஐந்து, சைபர்" என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். நோயாளியின் பெயரையும் நோயையும் காற்றில் சொல்லக் கூடாது, அலைவரிசையில் யார் வேண்டுமானாலும் காது வைக்கலாம். பேஸில் இருப்பவர் மீட்புக் கோரிக்கைகளை 1070 (மாநிலம்), 1077 (மாவட்டம்) என்ற பேரிடர் உதவி எண்களுக்குச் சொல்ல லேண்ட்லைன் பக்கத்திலேயே உட்கார வேண்டும்.

லைசென்ஸ், சீரியல் எண் உள்ள பில், இ.டி.ஏ. சான்று, மூன்றின் நகலையும் லேமினேட் செய்து ஒவ்வொரு படகுப் பையிலும் போட்டுவிடுங்கள். செட்டைப் பார்த்ததும் போலீஸ் முதலில் கேட்பது இவற்றைத்தான்.